கிறுகி நின்று கேட்டவ

எங்கள் அன்ரிக்கு முன்னால் யாராவது பாட்டு வாசிக்கத் தொடங்கினால், அவ முதலில் முதுகைத்தான் காட்டுவா. கதிரையில் இருந்தால் கதிரையோடு கிறுகுவா. நின்றால் நின்றபடி சுவரைப் பார்ப்பா. எங்கள் ஊரில் திரும்புவதைக் கிறுகுவது என்றுதான் சொல்வோம். அன்ரி கிறுகிட்டா, இனிச் சத்தம் போடாதீங்க என்று பாடகர் குழுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டுவார்கள்.

தெரியாதவர்களுக்கு இது கோபத்தை உண்டாக்கும். புதிதாக வந்த பாதருக்கும் அதுதான் நடந்தது. அவர் இளவயது, நன்றாகப் பாடுவார், கிற்றாரும் வாசிப்பார். வந்த முதல் ஞாயிறு, பூசை முடிய, சனங்களோடு பழக வேண்டும் என்ற ஆசையில் ஒரு பாட்டை எடுத்தார். இரண்டு வரிகூடப் போகவில்லை, முன்வாங்கில் இருந்த அன்ரி எழும்பிக் கிறுகி, அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டா. பாதரின் முகம் வாடிப்போனது. போன பாதரின் ஆட்கள் தன்னை வேண்டாம் என்கிறார்களோ என்று நினைத்தாராம். பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் அன்ரி இந்தப் பக்கம் கிறுகி, "குரல் நல்லம் பாதர். மூண்டாம் கம்பி இறங்கிக் கிடக்கு" என்றா. பாதர் தட்டிப் பார்த்தார். இறங்கித்தான் கிடந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஓ.எல். சோதனை எழுதினேன், அதோடு சரி. கோயிலுக்குப் பின்வீதியில் மிளகாயும் மாவும் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். அந்த இரைச்சலுக்குள் நின்று நின்று உங்கட காது அரைபட்டுப் போச்சு என்று மனைவி சொல்லுவா. அதனால் பாடகர் குழுவில் எனக்குப் பாட்டு வேலை இல்லை. பெட்டி தூக்குவேன், வயர் இழுப்பேன், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். என்னுடைய போனில் இடம் கூட இருந்ததால் பாட்டுகளைப் பதிவு செய்து வைக்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஆண்டவருடைய வீட்டில் சின்ன வேலை என்று ஒன்று இல்லை என்பது என் நம்பிக்கை. அந்த வேலையால்தான் அன்ரியை இவ்வளவு கிட்ட இருந்து பார்க்கக் கிடைத்தது.

அன்ரி எனக்குச் சொந்தம் இல்லை, கோயிலுக்கே அன்ரி; போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்த பறங்கிக் குடும்பத்தில் பிறந்தவ. அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் இல்லாமல் பந்தி தொடங்காது. அப்படியான வீட்டில் வளர்ந்தும் அவவுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்பா, அவ்வளவுதான். டெலிபோன் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவ. முகம் தெரியாத ஆட்களோடு பேசியே காலம் போனது என்பா.

ஏன் அன்ரி இப்படிக் கிறுகுறீங்க என்று ஒருநாள் என் மனைவி கேட்டுவிட்டா. அன்ரி மறைக்கவில்லை. அவவின் காலஞ்சென்ற புருசன் கலியாண வீடுகளில் கிற்றார் வாசிக்கிறவர். நல்ல வடிவான மனிசன். முடியை மேவி வாரி, சேட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு அவர் வாசிக்கும்போது அன்ரி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்பாவாம். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம் போன பிறகு, ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, விறாந்தையில் அவர் வாசிக்கிற சத்தம் வந்தது.

"அண்டைக்குத்தான் புள்ள முதல்முதலாக் கேட்டன். அந்த மனிசனுக்கு ஒரு பாட்டும் ஒழுங்கா வராது" என்றா அன்ரி.

"மறுகா என்ன செய்தீங்க?"

"என்ன செய்யிற? துருவின தேங்காயப் பிழிஞ்சு கறிய வைச்சன். நல்ல மனிசன், கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தம். ஆனா கண்ணால கேக்கிறத அண்டையோட விட்டுட்டன்."

தங்கச்சியின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அவ முன்னுக்கு வரவில்லையாம். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, பொடியன் சிரிக்கிற சத்தம் நல்லம், தாய் வாயைத் திறந்தால்தான் அவன் குரல் சின்னனாகுது, அது போகப்போகச் சரிவரும் என்று சொன்னாவாம். கலியாணம் நடந்து பிள்ளைகளும் பெரிதாகிவிட்டன. அது இன்னும் சரிவரவில்லை. மற்றபடி சந்தோசமாக இருக்கிறார்கள்.

பென்சன் எடுத்த பிறகு அவவுக்குக் கிற்றார் கேட்பதே பொழுதுபோக்காகிவிட்டது. அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர், கட்டாரில் வேலை செய்கிற பக்கத்து வீட்டுப் பொடியன், ஏறாவூரில் இருந்து துணி கொண்டுவருகிற முஸ்லிம் நானாவின் மருமகன் என்று யார் யாரோ வாசித்துப் பதிந்து அனுப்புவார்கள். ஒரே பாட்டு, வேறு வேறு கிற்றார். மில் பூட்டின பின்னேரங்களில் நான் போய் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவேன். அனுப்பினவரின் படம் தெரியக்கூடாது என்று போனை மேசையில் குப்புற வைக்கச் சொல்லுவா. பெயரும் சொல்லக்கூடாது, விலையும் சொல்லக்கூடாது. சுவரைப் பார்த்தபடி தீர்ப்புச் சொல்லுவா. இது தகரத்தில் பெய்கிற மழை. இது முட்டித் தயிர், கரண்டியைக் குத்தினால் நிற்கும். இது புதுக் கம்பி, ஒரு மாசம் போனால் கத்துவதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கும்.

எனக்கு எல்லாம் ஒரே கிற்றார்தான். அப்படிச் சொன்னால், "இன்னொருக்காப் போடு மனே" என்பா. திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்கும் ஏதோ பிரிந்து கேட்கிற மாதிரி இருக்கும். உண்மையாகவே கேட்டதோ, அன்ரி சொன்னதால் வந்த நினைப்போ, தெரியாது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலில் கிற்றார் வாசித்தது அவன்தான். குருக்கள்மடம் என்கிற ஊரில் ஒரு கலியாண வீட்டுக்கு வாசித்துவிட்டு வரும் வழியில் ஓட்டோ பிரண்டது. உயிர் தப்பியது ஆண்டவர் செயல். இடக்கையில் மோதிர விரலும் சின்ன விரலும் பாதியோடு போய்விட்டன. கம்பியை அமத்துகிற கை அது.

காயம் ஆறின பிறகு, அந்த நத்தாருக்குக் கரோல் போனபோது அவனே கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்களுக்குப் பெரிய சந்தோசம். போன வீடெல்லாம் கைதட்டினார்கள். இந்தக் கையோட இவ்வளவு வாசிக்கிறியே தம்பி என்று சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அன்ரி அந்த முறை மகள் வீட்டுக்குக் கொழும்பு போயிருந்தா. வீட்டுக்கு வந்ததும் தம்பி கிற்றாரை என் கையில் தந்து, "நான் பிழை விட்ட இடத்திலதான் அண்ண கூடக் கை தட்டினாங்க" என்றான்.

அதற்குப் பிறகு அவன் கிற்றாரைத் தொடவில்லை. பூசைக்கும் வருவதில்லை. மில்லில் மூட்டை இறக்குவான், பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் வாவிக் கரையில் போய் இருப்பான். ஆரும் கேட்டால் இடக்கையை இடுப்பில் கட்டின சாரத்துக்குள் சுருட்டிக்கொள்வான். இரவுச் செபமாலையில் கடைசிப் பத்து மணியை என் மனைவி அவனுக்கென்றே ஒப்புக்கொடுத்து வந்தா.

கோயிலில் அவனுடைய இடத்தில் ஒரு ஆசிரியர் வாசிக்க வந்தார். நல்ல மனிதர், நேரத்துக்கு வருவார். கையில் பலம் அதிகம், அடித்தால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும். அந்த வருசத்து மாரியில் பாடகர் அறையின் கூரை ஒழுகி, தம்பி முன்பு வாசித்த கிற்றார் உறையோடு ஊறிப்போனது. வெயிலில் காயவைத்து, உப்பின இடத்துக்குப் பசை வைத்து, ஆசிரியர் வாசித்துக் காட்டினார். அன்ரி கிறுகி நின்று கேட்டுவிட்டு, "செத்துப்போச்சு. அடக்கம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டா. எறிய மனம் வராமல் அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

திருவிழா கிட்ட வந்துகொண்டிருந்தது. லண்டனில் இருக்கிற எங்கள் கோயில் குடும்பம் ஒன்று, நல்லதாக ஒரு கிற்றார் பாருங்கள், நாங்கள் வாங்கித் தருகிறோம் என்றது. கொழும்புக்குப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் வசதி இல்லை. அங்கே வேலை செய்கிற என் அக்காவின் மகள், தானே கடைக்குப் போய், எங்கள் காணிக்கைப் பாட்டைக் கடைக்காரருக்குப் பாடிக் காட்டி, வேறு வேறு கிற்றாரில் அவரை வாசிக்கச் சொல்லிப் பதிந்து அனுப்புகிறேன் என்றாள். மூண்டு நாலு அனுப்புறன் மாமா, நீங்க கேட்டுச் சொல்லுங்க என்றாள். வந்ததை எல்லாம் பாட்டுப் பதிவுகள் இருக்கிற இடத்திலேயே சேர்த்து வைத்தேன். மில்லில் மறந்துவிடாமல் இருக்க அந்த நாட்களில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன், வந்து போட்டுப் போட்டுக் கேட்பேன்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதர் இருக்கிற மிசன் வீட்டு மண்டபத்தில் கூடினோம். போனைக் குப்புற வைத்தேன். அன்ரி யன்னலுக்கு முகம் கொடுத்து இருந்தா. முதலாவதைக் கேட்டுவிட்டு, கண்ணாடிக் கிளாசைத் தட்டுற மாதிரி என்றா. இரண்டாவது நல்ல பலகை, வயசு காணாது. மூன்றாவதில் சத்தம் கூட, கதை குறைவு. நாலாவது போனது. முடிந்ததும் அன்ரி எழும்பி யன்னலுக்குக் கிட்டப் போனா.

"இன்னொருக்காப் போடு மனே."

போட்டேன். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சரித்துக் கேட்டா.

"இதத்தான் வாங்க வேணும். இந்தப் பெட்டிக்குள்ள காத்து இருக்கு. வாசிக்கிறவனும் கம்பிய நெரிக்கல்ல. தொட்டுட்டு விடுறான், கம்பி தன்பாட்டில பேசுது."

ஆசிரியரும் அதுதான் நல்லது என்றார். பாதர், நாலாவதை வாங்கச் சொல்லி இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார். படி இறங்கும்போதே அக்காவின் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"நாலாவதா? நான் மூண்டுதானே மாமா அனுப்பினன்" என்றாள் அவள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்டின மில்லுக்குள் போய் இருந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு அந்த நாலாவதை மட்டும் போட்டேன். பாட்டின் நடுவில், கம்பிகளுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு மணி அடித்தது. எங்கள் கோயில் மத்தியான மணி. அது வெடித்த மணி, ஓசை நீளாமல் பாதியில் நின்றுவிடும், வேறு எந்த ஊரிலும் அப்படி ஒரு மணி இல்லை. மண்டபத்தில் அவ்வளவு பேர் கேட்டோம், அதுவும் இரண்டு தரம். ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறந்த நாளில் இருந்து கேட்கிற மணி யாருக்குக் கேட்கும்?

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலே பார்த்தேன். கிற்றார் உறையில் தூசி இல்லை.

தம்பி வாவிக் கரையில் இருந்தான். போனை அவனுக்கு முன்னால் பிடித்துப் போட்டுக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது.

"அழிச்சிட்டன் எண்டுதான் நினைச்சன். நீங்க அந்தக் கடைக் கிற்றார்களப் போட்டுப் போட்டுக் கேட்டீங்க. அதுகளுக்குப் பக்கத்தில செத்தது எப்பிடிக் கேக்கும் எண்டு பாக்க உங்கட போனிலயே பதிஞ்சன், அவ்வளவுதான்."

நடந்ததைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க, எல்லாரும் சேர்ந்து எனக்கு நாடகம் போடுறீங்க என்று எழும்பிப் போனான். மாதாவின் பெயரால் சத்தியம் பண்ணினேன். சாப்பிட இருக்கும்போது தலை நிமிராமல் கேட்டான்.

"அன்ரிக்குத் தெரியாதுதானே?"

"எனக்கே தெரியாதே தம்பி."

விடிய மில்லைத் திறக்கும்போதும் அதையே கேட்டான். அன்றைக்கு அவன் கேட்ட குரலை வைத்துத்தான் இந்தக் காரியம் அவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு விளங்கியது. விபத்துக்குப் பிறகு அவனைப் பற்றி யார் எது சொன்னாலும் அதற்குள் அந்தக் கை இருந்தது. கை இல்லாமல் வந்த முதல் வார்த்தை இதுதான்.

அன்ரி வீட்டுக்குப் போனேன். பின்படியில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தா. சொன்னதும் கை நின்றது.

"எந்தக் கிற்றார்?"

"நீங்க அடக்கம் பண்ணச் சொன்னது."

சிரிக்கத் தொடங்கினா. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, இறால் கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்தா. "மணியும் கேக்கல்ல, செத்ததும் தெரியல்ல. என்ர காதக் கழுவி வெயிலில போடு மனே" என்றா. அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் முன்னால் எழும்பி, அந்தக் கிற்றார் சாகவில்லை, பலமாக அடித்து வாசித்ததால் அப்படிக் கேட்டது, நான்தான் பிழையாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டா. ஆசிரியர் முகம் சிவந்துபோனார். அன்ரி அதையும் பார்க்கவில்லை. வழமைபோல் அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினா.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்தா. தம்பியைத் தேடிப் பின்னால் போய், கவிழ்த்து வைத்திருந்த தோணியில், வாவிக்கு முகத்தையும் அவனுக்கு முதுகையும் கொடுத்து இருந்தா. என் மனைவி கிற்றாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றா. தம்பி தொடவில்லை.

"இப்பதான் தெரிஞ்சு போச்சே அன்ரி. இனி நீங்களும் இந்தக் கையத்தானே கேப்பீங்க."

அன்ரி கிறுகவில்லை. "நான் அண்டைக்குக் கேக்கக்குள்ள உனக்குக் கை இருந்ததோ இல்லையோ எண்டே எனக்குத் தெரியாது. கிற்றார்தான் இருந்தது. எடு" என்றா.

பிறகு தம்பி எடுத்தான். இரண்டு விரலும் ஒரு பெருவிரலும் வைத்து அவன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். எட்டாத கம்பிகளை அமத்தாமல் திறந்தபடி விட்டான். அந்தக் கம்பிகள்தான் பின்னால் நின்று இரைந்துகொண்டிருந்தன. அன்ரி காற்று என்று சொன்னது அதுதான் போல.

"நில்லு. அதில தாளத்த விட்டு ஓடுறாய்."

திரும்ப வாசித்தான்.

"இப்பவும் ஓடுறாய். பயப்பிடுற இடத்திலதான் ஆக்கள் ஓடுற."

தம்பி அந்த முதுகை முறைத்துப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற மனைவி, பாவம், ஏன் இப்படிப் போட்டு உருட்டுறா என்று முணுமுணுத்தா. எனக்கு அவனுடைய முகம்தான் தெரிந்தது. பாடகர் குழுவில் சுருதிக்குச் சண்டை பிடிக்கிற காலத்து முகம் அது. ஆண்டவரே, அன்ரியை இன்னும் ஏசச் சொல்லும் என்று மனதுக்குள் செபித்தேன். அவ ஏசினா. இருட்டத் தொடங்கும் வரைக்கும் ஏசினா.

கொழும்பில் இருந்து இரண்டாவது கிற்றாரை எடுத்தோம். வயசு காணாது, வயசு தானாக வரும் என்றா அன்ரி. ஆசிரியர் அதை வாசிக்க, பக்கத்தில் தம்பி பழையதை வைத்துக்கொண்டு இருந்தான். திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாட்டுத் தொடங்கும்போது முன்வாங்கில் இருந்து ஒருவர் எழும்பிக் கிறுகினா. இப்போது பாதருக்கும் பழகிவிட்டது, சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பத்தை உயர்த்தினார்.

பூசை முடிய வளவில் சனம் தம்பியைச் சூழ்ந்துகொண்டது. இந்தக் கையோட என்ன மாதிரி வாசிச்சாய் என்றார்கள். தலையை ஆட்டினான், சிரித்தான், ஆனால் கண் வேறு யாரையோ தேடியது. அன்ரி குடையை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தா.

"காணிக்கைப் பாட்டில ஓடல்ல. நன்றிப் பாட்டில ஓடிட்டாய்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் கச்சான் கடலை விற்கிறவளிடம் போய்விட்டா. தம்பி வாய் நிறையச் சிரித்தான். சாரத்துக்குள் ஒளித்து வைக்கிற கையால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

கொழும்பில் இருந்த மகள் அவுஸ்திரேலியாவுக்குப் போக, இப்போது அன்ரியும் அங்கே அவவோடு இருக்கிறா. முகம் பார்த்துப் பேசுகிற கோல் எடுத்தால் போனைக் கூரைக்குத் திருப்பி வைத்துவிடுவா, எங்களுக்கு அங்கே சுற்றுகிற ஃபேன்தான் தெரியும். ஞாயிறு தோறும் தம்பி வாசித்துப் பதிந்து அனுப்புவான். அங்கேயிருந்து பிழை ஒன்று வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் சோற்றில் கை வைப்பான்.

போன மாதம் ஒரு ஞாயிறு பிழை வரவில்லை. நல்லம் என்று மட்டும் வந்தது. தம்பிக்குப் பயம் பிடித்துவிட்டது. அன்ரியும் பாவம் பார்க்கத் தொடங்கிவிட்டாவோ என்று அன்று முழுக்க யோசனை. அடுத்த நாள் பாதரிடம் போய்க் கெஞ்சி, புதுக் கிற்றாரில், முன்பு வாசிக்காத ஒரு பாட்டை வாசித்து, பாதரின் போனில் இருந்து பெயர் சொல்லாமல் அனுப்பினான். பதில் வரும் வரைக்கும் பாதரின் போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அன்ரியின் குரல் வந்தது.

"பாதர், இது ஆரெண்டு எனக்குச் சொல்லாதீங்க. ரெண்டாவது வரியில ஓடுறான். ஆனா விட்டுடாதீங்க, இந்தப் பொடியன வைச்சுக்கொள்ளுங்க."

தம்பி சுவரை விட்டுக் கிறுகினான். கிற்றாரை எடுத்து அந்த இரண்டாவது வரியைத் திரும்ப வாசித்தான். ஓடாமல் வாசித்தான்.